எதிரெதிர்: திருப்பதிக்கும் நகரிக்கும் நடுவே இரண்டு செப்புச் சுருள்

திருப்பதியில் மூன்று நாள் இருந்துவிட்டு மலையேறாமல் திரும்பி வந்தவள் நான். லட்டுகூட வாங்கவில்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. தரிசன டோக்கன் எங்கே கொடுக்கிறார்கள், அறை வாடகை எவ்வளவு என்று தேடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு அதெல்லாம் தெரியாது. திருப்பதிப் பக்கம் ஆய்வுக்கூட வேலையாகப் போகிறவர்கள், போன இடத்தில் எதையாவது எரித்துவிட்டு முழிக்கிறவர்கள், இது உங்களுக்கு.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஆறு வருடமாக முனைவர் பட்டத்துக்குக் குப்பை கொட்டுகிறேன். என் வேலை முழுக்கக் கணக்கு. ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டதில்லை. அணுக்களை ஏறக்குறைய அசையவே முடியாத அளவுக்குக் குளிர்வித்தால், அவை ஒன்றையொன்று சட்டை செய்யாமல் மிதந்துகொண்டிருக்கும். அப்போது வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்து மெதுவாக ஏற்றினால் அவற்றின் குணம் மாறும். ஓர் அளவில் ஒன்றையொன்று தள்ளும், வேறோர் அளவில் இழுக்கும். ஒரு குறிப்பிட்ட அளவில் மட்டும் தாறுமாறாக மோதிக்கொண்டு, பிடித்துவைத்த இடத்தைவிட்டே தெறித்து ஓடிவிடும். பழைய ரேடியோவில் குமிழைத் திருகும்போது ஓரிடத்தில் மட்டும் ஸ்டேஷன் எடுக்குமே, அந்த மாதிரி. இரண்டு வகை அணுக்களைக் கலந்து வைத்தால் அந்த இடம் 212 காஸ் என்று என் கணக்கு சொல்கிறது. காஸ் என்பது காந்தப்புலத்தை அளக்கிற அளவு. எந்த அணுக்கள் என்று கேட்காதீர்கள், கட்டுரை வெளிவருவதற்கு முன் உளறினால் என் வழிகாட்டி தோலை உரித்துவிடுவார்.

கணக்கு சொன்னால் ஆயிற்றா? யாராவது அந்த அணுக்களைக் குளிர்வித்து, காந்தத்தை ஏற்றி, அவை காணாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான கருவி திருப்பதியிலிருந்து காளஹஸ்தி போகும் சாலையில் ஒரு நிறுவனத்தில் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி செய்கிற ஸ்ரவணி எனக்குக் கருத்தரங்கு ஒன்றில் கிடைத்த தோழி. அவள் போன ஆடியில் போன் செய்தாள்: கருவியைக் கழற்றி வேறு கட்டிடத்துக்கு மாற்றப் போகிறார்கள், வெள்ளிக்கிழமை காலை ஆட்கள் வருவார்கள், மறுபடி ஓட ஒரு வருடம் ஆகும், வேண்டுமானால் செவ்வாயிலிருந்து மூன்று நாள் தருகிறேன் என்றாள். வழிகாட்டியிடம் சொன்னேன். "வெள்ளிக்குள்ள அளவு வந்தா நாலாவது அத்தியாயம் இருக்கும். வரலைன்னா எடுத்துடு, இருக்கறத வெச்சு சப்மிட் பண்ணு" என்றார். நாலாவது அத்தியாயம் என்பது என் வாழ்க்கையில் இரண்டரை வருடம்.

செவ்வாய் காலை சென்ட்ரலில் ஆறரை மணி வாக்கில் கிளம்பும் ரயில். இருக்கை முன்பதிவு எண்பது ரூபாய்க்குள், மூன்றரை மணி நேரம். பெட்டியில் என்னைத் தவிர எல்லோரும் மலைக்குப் போகிறவர்கள். எதிர் சீட்டு அம்மாள் "எந்த தரிசனம்மா?" என்றார். வேலையாகப் போகிறேன் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் புளியோதரை கொடுத்தார். ஸ்டேஷனுக்கு வெளியே கால் வைத்ததும் "கொண்டகா மேடம்?" என்று நாலு ஆட்டோ. கொண்டை என்று காதில் விழுந்தால் குழம்பாதீர்கள், மலைக்கா என்று கேட்கிறார்கள். இல்லை என்று நாலு முறை சொல்லி, பஸ் நிலையம் நடந்து, காளஹஸ்தி பஸ் பிடித்தேன். இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், நாற்பது ரூபாய். பதினொன்றரைக்கு வாசலில் இறங்கினேன்.

ஸ்ரவணியின் ஆய்வுக்கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மேசை முழுக்கக் கண்ணாடிகளும் லேசரும். நடுவில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிப் பெட்டி, காற்றெல்லாம் உறிஞ்சியெடுத்தது, அதற்குள்தான் அணுக்கள். பெட்டிக்கு மேலே ஒரு செப்புக் கம்பிச் சுருள், கீழே ஒன்று, ஒவ்வொன்றும் டிபன் தட்டு அளவு. இந்த இரண்டும்தான் காந்தப்புலத்தைக் கொடுக்க வேண்டும். மூன்று மணிக்குக் கருவி தயாரானது. மூன்று பத்துக்கு ஏதோ கருகும் வாடை அடித்தது. சுருளைக் குளிரவைக்கும் தண்ணீர்க் குழாய் எங்கோ கழன்றிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. இரண்டு சுருளும் கறுத்துப் போயின.

"அயிபோயிந்தி அக்கா" என்று ஸ்ரவணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெலுங்கு புரிந்தது. வழக்கமாகச் சுருள் செய்து தருகிறவர்களுக்கு இரண்டு வாரம் வேண்டுமாம். எரிந்ததைக் கழற்ற வந்த எலக்ட்ரீஷியன்தான் வழி சொன்னார்: "நகரி ஊர்ல தறி மோட்டார் தினம் ஒண்ணு எரியும் மேடம். அங்க தாமோதரம்னு ஒருத்தர் காயில் சுத்துவார். காலைல குடுத்தா சாயந்திரம் குடுத்துடுவார்."

லேசர்களை விட்டு ஸ்ரவணி நகர முடியாது. ஆகவே புதன் காலை நான் கிளம்பினேன். அவள் ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தாள். மேல் சுருள், கீழ்ச் சுருள், இரண்டிலும் கம்பி எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி, இரண்டும் ஒரே பக்கம். "அக்கா, இது முக்கியம்" என்று அம்புக்குறிகளை இரண்டு தடவை தட்டிக் காட்டினாள். தலையாட்டினேன்.

திருப்பதி பஸ் நிலையத்தில் நகரி பஸ் ஒன்பதரைக்கு. வடமாலபேட்டை, புத்தூர் வழி, அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒன்றே முக்கால் மணி நேரம். ஆந்திரா முகவரி போட்ட ஆதார் இருந்தால் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. என் கார்டைப் பார்த்த கண்டக்டர், "மெட்ராஸா? அப்ப தொண்ணூத்தஞ்சு" என்று சிரித்தார். மடியில் கருகிய சுருள் வைத்திருந்த பை. பக்கத்தில் புது மொட்டை போட்ட ஒருவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு சந்தனத்தைத் தடவிக்கொண்டே வந்தார். அவருக்கு என்ன விளக்குவது, பையின் வாயை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

நகரியில் இறங்கி விசாரித்தால் எல்லோருக்கும் தெரிகிறது. தறிச் சத்தம் கேட்கிற தெருவில், வாசலில் ஏழெட்டு மோட்டார் கிடக்கும் கடை. தாமோதரத்துக்கு ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். பையைத் திறந்தேன்.

"இன்னாம்மா இது, இந்த மாரி எரிச்சிகினு வந்துகிற? எந்த மோட்டாரு?"

இரண்டு நாளாகத் தெலுங்கும் ஆங்கிலமும் அரைத் தமிழும் கலந்து தடுமாறியவளுக்கு அந்தப் பேச்சைக் கேட்டதும் தலைகால் புரியவில்லை. படம் எதற்கு, நம் பாஷையிலேயே சொல்லிவிடலாம் என்று தாளைப் பையிலேயே விட்டுவிட்டேன். அந்த நிமிடத்தை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

"மோட்டார் இல்லண்ணா, காந்தத்துக்கு."

"எம்மாம் சுத்து?"

"ஒவ்வொண்ணும் நூத்தி நாப்பது. ரெண்டும் ஒரே கம்பி, ஒரே அளவு. ஆனா ரெண்டும் எதிரெதிரா இருக்கணும்ண்ணா. அதான் முக்கியம்."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "எதிரெதிராவா?"

"ஆமாண்ணா. எதிரெதிரா."

"சரிம்மா. கொஞ்சம் நேரம் ஆவும், பரவால்லியா?"

ஒன்றுக்கு நேராக ஒன்று இருக்கும்படி மாட்டுவோம், அதனால் கோணாமல் இருக்க வேண்டும் என்பது நான் சொல்ல நினைத்தது. அதைத்தான் சொன்னதாகவும் நினைத்தேன். ஸ்ரவணி தட்டிக் காட்டிய அம்புக்குறிகள் எனக்கு நினைவிலேயே இல்லை.

முதல் சுருளை மிஷினில் போட்டு முக்கால் மணியில் முடித்துவிட்டார். சாப்பிட்டு வா என்றார். பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு எண்பது ரூபாய், ரசம் நன்றாக இருந்தது. ஒரு மணிக்குத் திரும்பி வந்தால், இரண்டாவது சுருளை மடியில் வைத்துக் கையாலேயே சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றாக, கட்டை விரலால் அழுத்தி, வாய்க்குள் எண்ணிக்கொண்டு.

"மிஷின் ரிப்பேராண்ணா?"

"இல்லம்மா. இது கையாலதான் ஆவும்."

ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. மணிதான் கண்ணில் பட்டது. இரண்டரை பஸ் போனது. மூன்று மணிக்கு, "முதலாவது அவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுது, இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?" என்று கொஞ்சம் சுள்ளென்றே கேட்டுவிட்டேன். அவர் எண்ணுவதை நிறுத்தாமல் ஸ்டூலைக் காட்டினார், உட்காரு என்று. மூன்று நாற்பதுக்கு முடித்தார். கட்டை விரல் சிவந்திருந்தது. இரண்டு சுருளிலும் கம்பி தொடங்கும் முனையில் சிவப்புத் தறிநூல், முடியும் முனையில் வெள்ளை நூல் கட்டி, குழந்தையைத் துணியில் சுற்றுவது போல் சுற்றிக் கொடுத்தார். வேலை அவ்வளவு சுத்தம். நான் ஒழுங்காக நன்றிகூடச் சொல்லாமல் பஸ்ஸுக்கு ஓடினேன்.

நாலு பத்து பஸ். புத்தூரில் நெரிசல், மறுபடி காளஹஸ்தி பஸ், நிறுவனத்துக்குள் நுழையும்போது ஏழு. இரண்டு பேருமாகச் சுருள்களை மாட்டினோம். நூலைப் பார்த்து மேல் சுருளின் வெள்ளை முனையையும் கீழ்ச் சுருளின் சிவப்பு முனையையும் இணைத்தோம். மாட்டுவதற்கு முன் காந்தப்புலம் அளக்கும் கருவியை இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஸ்ரவணி நின்றபடியே தூங்கி விழுந்தாள், நானும் அப்படித்தான். காலையில் பார்க்கலாம் என்று விட்டோம்.

வியாழன் எட்டரைக்கு ஆரம்பித்தோம். ஒன்பது நாற்பதுக்குத் திரையில் வெள்ளைப் பொட்டாக அணுக்கூட்டம் வந்தது. மின்சாரத்தை ஏற்றினோம். ஒரு ஆம்பியரில் பொட்டு மங்கியது, இரண்டில் காணோம். எங்கள் வேலையில் காணாமல் போவதுதான் விடை, நான் துள்ளிக் குதித்தேன்.

"அக்கா, சந்தோஷப்படாதீங்க" என்றாள் ஸ்ரவணி. "ஒரு எடத்துல மட்டும்தான் போகணும். நீங்க சொன்ன எடம் எட்டு ஆம்பியருக்கு மேல. இது ரெண்டுலயே போகுது, மூணு, நாலு, எதுல வெச்சாலும் போகுது."

அன்று மூன்று மணி வரை நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. லேசரைச் சரிபார்த்தோம், கண்ணாடிகளைச் சரிபார்த்தோம், தண்ணீர்க் குழாயை மூன்று முறை பார்த்தோம். எதை மாற்றினாலும் அணுக்கள் போய்க்கொண்டே இருந்தன. ஆறு வருடம் போனது போதாதா, இதுகளும் ஏன் போகின்றன என்று இருந்தது. மனதுக்குள் நாலாவது அத்தியாயத்தை எடுத்துவிட்டு, ஐந்தை நாலு என்று மாற்றிப் போடவும் ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றரைக்கு கேன்டீனில் தயிர்சாதத்தை அளைந்துகொண்டிருந்தபோது ஸ்ரவணி கேட்டாள்: "அக்கா, அவருக்கு ட்ராயிங் காட்டினீங்கதானே?"

பையைத் திறந்தேன். தாள் மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரு எண்ணெய்க் கறைகூட இல்லை. தயிர்சாதத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். தாமோதரம் தந்த ரசீதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, நேத்து காயில் வாங்கினேனே. ரெண்டையும் எப்படிண்ணா சுத்தினீங்க?"

"நீ சொன்ன மாரிதாம்மா. எதிரெதிரா. ஒன்னு இந்தப் பக்கமா, ஒன்னு அந்தப் பக்கமா. நம்ம மிசினு ஒரு பக்கந்தான் சுத்தும், அதான் ரெண்டாவத கையால சுத்திகினு இருந்தேன். ஏம்மா, சுத்து எதுனா கொறையுதா?"

அப்புறம் பேசுகிறேண்ணா என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். எதிர் என்றால் முன்னால், எதிர் என்றால் மாறாக. நான் ஒன்றைச் சொல்ல, அவர் மற்றதைக் கேட்டு, அதற்காகக் கை சிவக்கச் சுற்றியிருக்கிறார். அந்த மனிதரிடம்தான் நான் ஏன் நேரமாகிறது என்று எரிந்து விழுந்தேன். இரண்டு சுருளின் காந்தமும் நடுவில் ஒன்றையொன்று அடித்துச் சாய்த்துவிட, ஓரத்தில் மட்டும் புலம் ஏறி, அணுக்களை இரண்டு பக்கமும் பிய்த்து எறிந்துகொண்டிருந்தது. ஸ்ரவணியிடம் சொன்னதும் அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்களுக்கும் எதுருன்னா ரெண்டு அர்த்தம் அக்கா. தெலுங்குல சொல்லியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்." ஆப்போசிட் என்று இங்கிலீஷில் சொல்லியிருந்தாலும் இதே கூத்துதான். படம் ஒன்றுதான் காப்பாற்றியிருக்கும், அது பையில் தூங்கியது.

சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? நாலு நிமிடம். கீழ்ச் சுருளின் சிவப்பு நூல் முனையையும் வெள்ளை நூல் முனையையும் இடம் மாற்றி மாட்டினோம், அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்கத் தேடியது இரண்டு ஸ்க்ரூவுக்குள் இருந்தது.

ஐந்து மணிக்கு மறுபடி ஏற்றினோம். இரண்டு ஆம்பியரில் பொட்டு இருந்தது, நாலில் இருந்தது, ஆறிலும் இருந்தது. எட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். எட்டு புள்ளி மூன்றில் திரை வெறுமையாக வந்தது. எட்டரையில் பொட்டு திரும்பி வந்தது. மறுபடி எட்டு புள்ளி மூன்றுக்குப் போனாள், மறுபடி வெறுமை. எட்டு முறை பார்த்தோம், எட்டு முறையும் அங்கேயே. புலம் 209 காஸ். நான் அழுதேன். சந்தோஷத்தில் என்று சொல்ல ஆசைதான், பாதி அலுப்பு. வழிகாட்டிக்கு அனுப்பினேன், பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "நாலாவது இருக்கட்டும். மூணு காஸ் ஏன் தள்ளியிருக்குன்னு எழுது." அவரிடமிருந்து இதுவே பெரிய பாராட்டு.

வெள்ளி காலை ஆட்கள் வந்து கருவியைக் கழற்ற ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் வேலையாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். காளஹஸ்தி சாலை பஸ்களில் காலை ஏழுக்கு மேல் உட்கார இடம் கிடைக்காது, பரிகாரத்துக்குப் போகிறவர்கள் கூட்டம். நகரிக்கு ரயிலில் போனால் ஏகாம்பரகுப்பத்தில் இறங்குங்கள். சுருளோ எதுவோ செய்யக் கொடுத்தால் படத்தைக் காட்டுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேலை செய்கிறவர் மெதுவாகச் செய்தால், ஏன் என்று ஒரு தடவை நல்லபடியாகக் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அவருக்குக் கை வலி மிச்சம், எனக்கு ஒரு நாள் மிச்சம்.

திரும்பும்போது சென்னை ரயிலை விட்டுவிட்டுப் பாசஞ்சரில் ஏறி ஏகாம்பரகுப்பத்தில் இறங்கினேன். போனில் சொல்லியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. தாமோதரம் ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "இன்னாம்மா, தப்பாப் பூடுச்சா?"

"தப்பு என்னுதுண்ணா. ரெண்டும் ஒரே பக்கமாச் சுத்தணும், நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். நீங்க சொன்னபடி சுத்திட்டீங்க. அன்னிக்கு உங்க மேல கோவப்பட்டதும் தப்புண்ணா."

"அட, ஒரே பக்கமா? அத மிசின்லயே போட்டு ஒன்ற அவர்ல குடுத்திருப்பனேம்மா!"

ஸ்ரவணி அச்செடுத்துக் கொடுத்த இரண்டு படங்களை நீட்டினேன். ஒன்றில் நடுவே வெள்ளைப் பொட்டு, மற்றது முழுக் கறுப்பு. கண்ணாடியை இறக்கி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இதுல என்னமோ வெள்ளையா கீது. இதுல ஒன்னுமே காணமே?"

"அதாண்ணா வேணும். ரெண்டரை வருஷமா அதுக்குத்தான் அலைஞ்சேன்."

கறுப்புப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அப்புறம் தன் கட்டை விரலைப் பார்த்தார்.

"இந்த ஒன்னும் இல்லாததுக்காம்மா நான் நூத்தி நாப்பது சுத்து கையால சுத்தனேன்?"

ஆமாண்ணா என்றேன். அவர் சிரித்துவிட்டு, வெள்ளைப் பொட்டு இருந்த படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கறுப்பை வைத்துக்கொண்டார்.